அக்கா வீட்டுப் புல்வெளியும் ஜீரோ டர்ன் வண்டியும்

புதிதாகச் சாணை பிடித்த பிளேடை மாட்டி, அரை மணி நேரம் புல்வெட்டும் வண்டியை ஓட்டிவிட்டு, ஏதோ சாதித்தவன் மாதிரி இறங்கி நின்றேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "சார், இது வெட்டல. தலை சீவி உட்டுருக்கு."

உண்மைதான். புல் முழுக்க ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தது, ஒரு நுனிகூட அறுபடவில்லை. பிளேடைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். கூரான விளிம்பு பின்னால் போய், மழுங்கிய முதுகு புல்லை அடித்துக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் 36 வருஷம் தொழிற்சாலை மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதை வெளியில் சொல்லக் கூடாது. ஆனால் இந்த வண்டியைப் பற்றி எழுதுவது என்று உட்கார்ந்த பிறகு, இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

வண்டி என்னுடையது இல்லை, அக்காவுடையது. அக்காவும் மாமாவும் ஹூஸ்டனில் இருக்கிறார்கள். முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் கழிவெளியை ஒட்டி அவர்களுக்கு ஒரு இடம் உண்டு. சின்ன வீடு, சுற்றிலும் தென்னை, நடுவில் பெரிய புல்வெளி. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார்கள். மீதிப் பதினொரு மாதமும் சனிக்கிழமைகளில் நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். 2023 ஜனவரியில் வந்திருந்தபோது மாமா ஆரம்பித்தார். "மாப்ளே, அங்க எங்க தெருவுல எல்லாரும் ஜீரோ டர்ன்தான் வச்சிருக்கான். நின்ன இடத்துலயே திரும்பும். நமக்கும் ஒண்ணு பாரேன்."

எனக்கு உடன்பாடில்லை. புல்வெளி மொத்தம் 12 கிரவுண்டு, அதாவது 28,800 சதுர அடி. ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பெரியவர் 18 அங்குலத் தள்ளுவண்டி மெஷினால்தான் வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை இழுக்கும். அவருக்கு அறுபத்தெட்டு வயது. சித்திரை வெயிலில் ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நான் எதிர்த்துப் பேசவில்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால் சொல்வது இதுதான்: ஐந்தாறு கிரவுண்டுக்குக் கீழே புல் என்றால் இந்த வண்டியை நினைக்கவே வேண்டாம். ஒரு சின்ன காருக்கான பணத்தை ஷெட்டில் நிறுத்தி வைப்பதாகிவிடும்.

இது என்ன வண்டி என்று தெரியாதவர்களுக்கு: ஸ்டியரிங் கிடையாது. பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் உண்டு. இரண்டு கையிலும் ஒவ்வொரு நெம்புகோல். இடது கோல் இடது சக்கரத்தை ஆளும், வலது கோல் வலது சக்கரத்தை ஆளும். முன்சக்கரங்கள் ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி சும்மா சுழல்பவை. ஒரு கோலை முன்னால் தள்ளி இன்னொன்றைப் பின்னால் இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரம் போலத் திரும்பும். இந்த ரகம் 1960-களில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பக்கம் சந்தைக்கு வந்தது. கண்ணுக்கு எட்டிய வரை புல் உள்ள ஊரில் அது பிறந்ததில் ஆச்சரியமில்லை.

வாங்கப் போனபோது இரண்டு கடைகளில் விசாரித்தேன். முதல் கடைக்காரர் குதிரைத்திறன் பற்றி அரை மணி நேரம் பேசினார். "டெக் பெல்ட் ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டேன். டெக் என்பது வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு, பிளேடுகளைச் சுழற்றுவது அந்த பெல்ட். ஆர்டர் போட்டால் வரும் என்றார். எத்தனை நாளில் என்றதற்கு, சிரித்துக்கொண்டே டீ சொல்லட்டுமா என்று கேட்டார். இரண்டாவது கடையில் பெல்ட், பிளேடு, ஃபில்டர் மூன்றும் அலமாரியில் இருந்தன. வண்டி கொஞ்சம் பழைய மாடல், விலையும் கூடுதல். அங்கேதான் வாங்கினோம். மாமாவுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. அவர் ஊரில் உதிரிப் பாகத்துக்கு ஆர்டர் போட்டால் சீக்கிரம் வாசலுக்கு வந்துவிடும் போலிருக்கிறது.

நான் அழுத்திக் கேட்ட இன்னொரு கேள்வி ஹைட்ரோ பற்றி, அதாவது சக்கரத்தை ஓட்டும் அந்த ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் சேர்ந்த பெட்டி. வீட்டு ரக வண்டிகளில் வருகிற சிறிய ஹைட்ரோக்கள் பெரும்பாலும் மூடி சீல் வைத்தவை. எண்ணெய் மாற்றுவதற்கென்று திருகோ ஃபில்டரோ இருக்காது. ஓடுகிற வரை ஓடும், அப்புறம் மொத்தமாக மாற்ற வேண்டும். விலை கூடிய ரகங்களில் ஃபில்டர் உண்டு, எண்ணெய் மாற்றலாம். எங்கள் உபயோகத்துக்குச் சீல் வைத்ததே போதும் என்று முடிவெடுத்தேன். ஒன்றரை ஏக்கருக்கு மேல் என்றால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

டெக் அகலத்தில்தான் மாமாவோடு சண்டை. அவருக்கு 54 அங்குலம் வேண்டும், அவர் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பது அது. எங்கள் பக்கவாட்டுக் கேட் நாலடி, அதாவது 48 அங்குலம். "42தான் உள்ள போகும் மாமா" என்று டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பி ஜெயித்தேன். வண்டி வந்து இறங்கிய அன்று கேட்டில் இடித்தது. வெட்டிய புல்லை வெளியே தள்ளும் பக்கவாட்டு மூடி ஒன்று இருக்கிறது, அது கிட்டத்தட்ட ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 42 என்பது வெட்டும் அகலம் மட்டும்தான், வண்டியின் அகலம் அல்ல. நல்லவேளை, அந்த மூடியைக் கையால் தூக்கிப் பிடித்தால் நுழைந்துவிடுகிறது. பிளேடை நிறுத்திவிட்டுத்தான் அப்படிச் செய்ய வேண்டும். சிலர் தொல்லை என்று அந்த மூடியைக் கம்பி போட்டு மேலேயே கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிளேடின் நுனி வேகத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் உச்சவரம்பே நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு 345 கிலோமீட்டர் சொச்சம். தென்னந்தோப்பில் குரும்பை எப்போதும் விழுந்து கிடக்கும். அதில் ஒன்று அந்த வேகத்தில் யார் முழங்காலுக்கு வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் இடத்தில் முதலில் பெரியவரின் மருமகள் கூடையோடு ஒரு சுற்று போய் குரும்பை, மட்டை, பாளை எல்லாம் பொறுக்கிவிட்ட பிறகுதான் வண்டி வெளியே வரும்.

ஓட்டக் கற்றுக்கொண்ட கதை எனக்குப் பிடித்தது. நான் ஒரு வாரம் தடுமாறினேன். முப்பது வருஷம் பைக் ஓட்டிய கை, கோல்களை ஹேண்டில்பார் என்றே நினைத்துக்கொண்டது. ஒரு தென்னையை உரசினேன், செம்பருத்தி ஒன்றைச் சாய்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "நகருங்க சார்" என்றார். ஏறி உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் தென்னையைச் சுற்றி வளைய வளைய வந்தார். எப்படி என்று கேட்டேன். "மாட்டு வண்டிதானே சார் இது? சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும்னா பீச்சாங்கை மாட்டை முடுக்கணும், இந்த மாட்டை இழுத்துப் புடிக்கணும்." சின்ன வயதில் திருப்போரூர் பக்கம் வண்டி கட்டியவராம். கையேட்டில் நான்கு பக்கம் படம் போட்டு விளக்கியிருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து ஓட்டுநர் அவர், மெக்கானிக் நான்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அவரிடம் மாற்ற வேண்டியிருந்தது. நின்ற இடத்தில் திரும்ப முடிகிறது என்பதற்காக ஒரு சக்கரத்தை அப்படியே நிறுத்தி மற்றதை மட்டும் சுழற்றினால், நிற்கிற சக்கரம் புல்லை வேரோடு திருகி எடுத்துவிடும். எங்கள் மண் கடல் மணல், மேலே அரையடி செம்மண் பரப்பியது. மழைக்குப் பிறகு இன்னும் மோசம். வரிசை முடிவில் கொஞ்சம் முன்னால் போய், பின்னால் வந்து, இரண்டு சக்கரமும் உருண்டுகொண்டே திரும்ப வேண்டும். கழிவெளிப் பக்கம் சரிவாக இறங்கும் பகுதியில் வண்டியே போகக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டேன். முன்சக்கரத்துக்குத் திசை கிடையாது என்பதால், பின்சக்கரம் வழுக்கினால் பிடிக்க எதுவுமே இல்லை, வண்டி நேராகத் தண்ணீருக்குப் போகும். 15 டிகிரி சரிவுக்கு மேல் ஓட்டாதே என்று கையேட்டில் இருக்கிறது. ஈரப் புல்லில் பத்தே எனக்கு அதிகம். அந்தப் பட்டையைப் பெரியவர் பழைய தள்ளுவண்டியால்தான் இன்னும் வெட்டுகிறார்.

வேகத்தைப் பொறுத்தவரை, கணக்குப்படி 42 அங்குல டெக்கில் மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டினால் எங்கள் புல்வெளி அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தென்னைகளைச் சுற்றி, தெளிப்பான் குழாய்களுக்கு ஒதுங்கி, நடைமுறையில் நாற்பது நிமிடம் ஆகிறது. மதியச் சாப்பாடு வரை இழுத்த வேலை இப்போது காலைக் காபிக்குள் முடிகிறது. இதற்கு மேல் வண்டியைப் புகழ எனக்கு எதுவுமில்லை.

புல் விஷயம் ஒன்று. அக்கா முதலில் போட்டது கொரியன் புல். கட்டையாக, மெத்தை மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. இந்த வண்டியின் வெட்டும் உயரத்தை ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே இறக்க முடியாது. மெத்தையின் மேடு பள்ளத்தில் பிளேடு மொட்டை அடித்துவிடும். இரண்டு வருஷத்தில் கொரியன் புல்லை அருகம்புல் முக்கால்வாசி தின்றுவிட்டது. நான் தடுக்கவில்லை. அருகு நம் மண்ணின் பிள்ளை, பிளேடுக்கும் பணிகிறது. கோரை மட்டும் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கும், கிழங்கு மண்ணுக்கடியில் இருக்கிறதே. அதற்கு எந்த வண்டியாலும் பதில் சொல்ல முடியாது.

இனி பராமரிப்பு. பிளேடில் நான் செய்த முதல் தப்பு தலைகீழாக மாட்டியது அல்ல. அதற்கு முன்பே ஒன்று செய்தேன். சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுத்தேன். அரிவாள்மணை மாதிரி அழுத்திப் பிடித்து, தீப்பொறி பறக்க ஓட்டி, விளிம்பு நீலம் பாரிக்கக் கொண்டுவந்து கொடுத்தார். நீலம் பாரித்த இரும்பு பதம் இழந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த பிளேடை நானே அரத்தால் ராவினேன். பழைய கோணம் மாறாமல், கத்தி மாதிரி மெல்லிசாக்காமல், வெண்ணெய்க் கத்தி கூர்மை போதும். முடிந்ததும் நடுத் துளையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் ராவு. சமநிலை தப்பிய பிளேடு பேரிங்கைக் கொல்லும். மாட்டும்போது இறக்கை மாதிரி வளைந்த பகுதி மேலே, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். டெக்குக்கு அடியில் கை விடும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றாமல் நான் உட்காருவதே இல்லை. தொழிற்சாலையில் விரல் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெக்கின் உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ ஒரு குழாய் முனை கொடுத்திருக்கிறார்கள். நான் பயன்படுத்துவதில்லை. பிளேடு சுழலும் அச்சுக்கு ஸ்பிண்டில் என்று பெயர், அதன் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கும் என்பது என் கட்சி. பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டால் ஈரப் புல்லைச் சுரண்டிவிட்டு, காற்றாட விட்டால் போதும். சுரண்டாமல் விட்டால் அந்தப் புல் புளித்து, உப்புக் காற்றும் சேர்ந்து, தகட்டை அரித்துவிடும்.

வெட்டு ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் தாழ்வாக வந்தால் எல்லோரும் முதலில் டெக்கைத் திருகுவார்கள். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கோளாறு அதுதான். அதன் பிறகே சமதளத்தில் நிறுத்தி அளக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு நூலோ இரண்டு நூலோ தாழ்ந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஷெட்டுக்குள் பாதி டயர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. எனக்கு அம்பத்தூரைவிட்டு வெளியே வரவே நான்கு நாள் ஆனது. போய்ப் பார்த்தால் டெக் முழுக்கச் சேறு. இன்ஜினுக்குத் தண்ணீர் எட்டவில்லை, எண்ணெய் அளவுக்கோலை உருவிப் பார்த்தேன், பால் நிறம் இல்லை. கிளப்பினேன், கிளம்பியது. பார்க்கிங் பிரேக்கை எடுத்ததும் நின்றது. மறுபடி கிளப்பினேன். பிரேக் போட்டிருக்கும் வரை ஓடும், எடுத்தால் நிற்கும். பெட்ரோலில் தண்ணீர் என்று நினைத்து டேங்கைக் காலி செய்தேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தேன். மூன்று சனிக்கிழமை போனது. நான்காவது சனிக்கிழமை, வெறுத்துப்போய் சீட்டைத் தூக்கினேன். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்விட்ச் இணைப்பில் பச்சைக் களிம்பு. ஓட்டுபவர் சீட்டைவிட்டு எழுந்தால் வண்டி நிற்க வேண்டும் என்பதற்காக வைத்தது அந்த ஸ்விட்ச். களிம்பால் தொடர்பு அறுந்து, ஆளே இல்லை என்று வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. உப்புத்தாள் வைத்து இரண்டு தேய், கொஞ்சம் கிரீஸ், முடிந்தது கதை. பிரேக்கை எடுத்தால் நிற்கிறது என்பதே சீட் ஸ்விட்சைப் பார் என்று கத்துகிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அந்த ஸ்விட்சை ஒயர் போட்டு ஒரேயடியாகச் சேர்த்துவிடலாம் என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் யோசனை சொன்னார். பெரியவர் ஐம்பது கிலோகூட இல்லை, பள்ளத்தில் வண்டி எகிறும்போது சில சமயம் இன்ஜின் அணைந்துவிடுகிறது, அவருக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

வெள்ளத்துக்குப் பிறகு ஷெட்டில் இரண்டடிக்கு மேடை கட்டி, சரிவுப் பாதை போட்டோம். அப்போது கற்ற இன்னொன்று: இன்ஜின் ஓடாதபோது இந்த வண்டியைச் சும்மா தள்ள முடியாது. நான்கு பேர் முக்கியும் அசையவில்லை. பின்னால் ஹைட்ரோவுக்குப் பக்கத்தில் பைபாஸ் கம்பி இரண்டு உண்டு, அவற்றை இழுத்துவிட்டால் சக்கரம் தானாக உருளும். வாங்கிய அன்றே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மழையில் டார்ச் அடித்துத் தேடாமல்.

2024 கோடையில் டெக் பெல்ட் அறுந்தது. கடையில் இருந்த ஸ்டாக் அந்த வாரம் பார்த்துத் தீர்ந்திருந்தது. பாரிமுனைக்குப் போய், அளவு பார்த்து சாதாரண வி-பெல்ட் வாங்கி மாட்டினேன். நீளம் கச்சிதம், விலை கால்வாசி. எட்டாவது சனிக்கிழமை நாராகப் பிரிந்து கிடந்தது. புல்வெட்டும் வண்டியின் பெல்ட் முன்னும் பின்னுமாக வளைந்து ஓடும், பிளேடைச் சுழலவிடும்போதெல்லாம் ஒரு உதறல் வாங்கும். அதற்காக உள்ளே அராமிட் என்கிற வலுவான செயற்கை இழை வைத்துச் செய்கிறார்கள். மாவு மில்லுக்கான பெல்ட் அதைத் தாங்காது. இப்போது கம்பெனி பெல்ட் இரண்டு வாங்கி டால்கம் பவுடர் தூவி வைத்திருக்கிறேன்.

பேரிங் கதை நேர்மாறு. இந்த வருஷம் ஒரு ஸ்பிண்டில் கரகரக்க ஆரம்பித்தது, மிக்ஜாம் தண்ணீர் குடித்ததன் பலன். மொத்த ஸ்பிண்டிலாக மாற்ற வேண்டும் என்று சர்வீஸில் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டுக்கு வந்து தட்டிக் கழற்றினேன். உள்ளே இருந்தது 6203 என்கிற சாதாரண அளவு பேரிங். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் எந்தக் கடையிலும் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாக நான்கு வாங்கி, இரண்டு ஸ்பிண்டிலுக்கும் மாற்றினேன். எதைப் பாரிமுனையில் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு பெல்ட்டும் ஒரு பேரிங்கும் செலவானது.

எண்ணெய் பற்றிச் சுருக்கமாக. கடைக்காரர்கள் பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ரக எண்ணெயை நீட்டுவார்கள். எங்கள் இன்ஜினுக்குச் சொல்லியிருப்பது எஸ்ஏஇ 30. 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 ஊற்றினால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும் என்றும் எழுதியிருக்கிறது. 27 டிகிரி என்றால் நமக்கு மார்கழிக் காலை பத்து மணி. 50 மணி நேரத்துக்கு ஒருமுறையோ, வருஷத்துக்கு ஒருமுறையோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்பது கணக்கு. எங்கள் மீட்டர் இன்றைக்கு 74 மணி நேரத்தில் நிற்கிறது, ஏறக்குறைய இரண்டரை வருஷத்தில். ஆக எங்களுக்கு எப்போதும் காலண்டர்தான் முதலில் வருகிறது. இந்த வண்டி ஓடித் தேய்ந்ததாக ஒரு பாகமும் நான் மாற்றியதில்லை, அந்த ஒரு பெல்ட்டைத் தவிர. மற்ற எல்லாம் நின்று கெட்டது: களிம்பு, துரு, இறங்கிப்போன பேட்டரி, இன்ஜின் மூடிக்குள் எலி கட்டிய கூடு. கூட்டைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் காற்றுப் போக வழியில்லாமல் இன்ஜின் வெந்திருக்கும். நல்லவேளை, நாற்றம் காட்டிக்கொடுத்தது.

பெட்ரோல்தான் இப்போதைய கவலை. இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களுக்கு 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதி. பங்க்கில் வருவதோ 20 சதவீதம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில், ஐப்பசி கார்த்திகை மழையில், பாதி டேங்கோடு இரண்டு மாதம் நிறுத்தினால் கார்புரேட்டர் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஐந்து லிட்டருக்கு மேல் நான் வாங்கி வைப்பதே இல்லை. மழை பிடிக்கும் முன் டேங்கை வடித்துவிட்டு, மிச்சத்தை இன்ஜினே குடித்து அணையும் வரை ஓடவிடுகிறேன்.

போன சனிக்கிழமை அந்த வேலை. காலையில் பெரியவர் கடைசியாக ஒரு வெட்டு வெட்டினார், வழக்கத்தைவிட ஒரு படி உயர்த்தி. நான் டெக்கைச் சுரண்டி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, சீட் ஸ்விட்சுக்குக் கிரீஸ் தடவி, எலிக்கு மூடிக்குள் கம்பி வலை அடைத்தேன். மாமா வீடியோ காலில் வந்து, பேட்டரியில் ஓடும் ஜீரோ டர்ன் வந்துவிட்டதாம், பெட்ரோலே வேண்டாமாம், பார்க்கட்டுமா என்றார். பெரியவர் போனை வாங்கி, "வேணாங்கய்யா, இந்த மாடு பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டார். வடித்த பெட்ரோல் மூன்று லிட்டர் இருந்தது. என் பைக்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பும்போது கடல் பக்கம் கறுத்திருந்தது.